காற்றுப் பட்டால் சாகும் சாட்சி

அத்தியாயம் 6

வாளி முதலாளி படுத்திருந்த அறைக்கு அந்த ஆஸ்பத்திரியில் டீலக்ஸ் என்று பெயர். மற்ற அறைகளில் நாற்காலி இருக்கும், இதில் சோபா. மற்ற அறைகளில் நோயாளி இருப்பார், இதில் 'சார்' இருந்தார். பிளாஸ்டிக் வாளி விற்றே மூன்று மாடி வீடு கட்டியவர் என்பதால் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல இதுவரை ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை.

கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தாள் கத்தரி மேடம். துப்பறிவது அவள் தொழில். எதிராளி பேசுவதைப் பாதியில் வெட்டுவது அவள் குணம், பெயரும் அதில் வந்ததுதான். அவள் பின்னால் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தவன் அவளுடைய உதவியாளன் ஒட்டடை. நெடுநெடுவென்று வளர்ந்து, சதை போட மறந்துபோன உடம்பு. இன்றைக்கு இருவரும் துப்பறிவாளர்கள் அல்ல. 'வாளி உலகம்' என்ற மாத இதழின் நிருபரும் புகைப்படக்காரரும். அப்படியோர் இதழ் பூமியில் கிடையாது. வாளி முதலாளிக்கு அந்தச் சந்தேகமே எழவில்லை. என்றைக்காவது ஓர் அட்டைப்படத்தில் தன் முகம் வந்தே தீரும் என்று ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்த ஆசாமி அவர்.

"மேடம், நாத்தம்" என்று ஒட்டடை அவள் காதோரம் முனகினான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது? தீராத ஜலதோஷம். உங்க மூக்கு முகத்துல அழகுக்கு வச்சது. நம்ம ஆபீஸ்ல மூக்கு டிபார்ட்மென்ட் என்னுது. செத்த எலியும் அழுகின முட்டையும் கல்யாணம் பண்ணிக் குடித்தனம் நடத்துற மாதிரி ஒரு வாடை."

"எங்கேர்ந்து?"

"சார் கையிலேர்ந்து."

முதலாளியின் வலது கை தலையணை மேல், பேண்டேஜுக்குள், சின்னப் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிக் கிடந்தது. அந்தக் கையால்தான் இன்றைக்கு ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போகப் போகிறான். அவருடைய கார் டிரைவர். கார் ஷெட்டில் துருப்பிடித்த ஸ்க்ரூ டிரைவரால் முதலாளியைக் குத்தினான் என்று புகார். லாக்கப்பில் கிடந்தான். எவ்வளவு மிரட்டியும் அவன் வாயிலிருந்து வந்தது ஒரே பேச்சுதான்: "அம்மாவைக் கேளுங்க." அவன் சொன்ன அம்மா, முதலாளியின் மனைவி. போலீஸ்காரர்களுக்கு அது திமிராகப் பட்டது. அந்த அம்மாவோ, நான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன், ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். இன்று மூன்று மணிக்கு முதலாளிக்கு ஆபரேஷன். அதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வந்து வாக்குமூலம் வாங்கிவிட்டால் கொலை முயற்சி வழக்கு கல்வெட்டு மாதிரி நின்றுவிடும்.

டிரைவரின் மனைவி தையல்கடையில் வேலை பார்ப்பவள். நேற்று ஆபீசுக்கு வந்து, அழுதபடியே ஒட்டடையின் சட்டையில் தொங்கிய பொத்தானைப் பார்த்தவள், கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்றாள். அந்தப் பொத்தானை ஒட்டடை காலையிலிருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதிக்குங்க" என்றார் முதலாளி. "பெட்ரோல் திருடறியான்னு கேட்டேன். ஒரே பாய்ச்சல். ஸ்க்ரூ டிரைவரோட பாய்ஞ்சான். நானா விடுவேன்? தடுத்தேன்."

"சார், எப்படித் தடுத்தீங்க? ஒரு போஸ் கொடுங்க. அட்டைக்கு ஆகும்" என்றான் ஒட்டடை.

அட்டை என்றதும் அவருக்கு வலி மறந்துவிட்டது. டிரிப்ஸ் குழாய் ஆட இடது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையை கேமராவுக்கு நேரே நீட்டினார். போக்குவரத்தை நிறுத்துகிறவர் மாதிரி இருந்தது. ஒட்டடை க்ளிக் செய்தான்.

"அதே மாதிரிதான் வலது கையையும் நீட்டினீங்களா சார்?"

"அச்சு அசலா இப்படித்தான்."

மூலையில், சோபா காலியாகக் கிடக்க, வாஷ்பேசின் பக்கத்து ஸ்டூலில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். முதலாளியின் மனைவி. முகத்தில் ஆஸ்பத்திரி மாஸ்க். மடியில் ஃப்ளாஸ்க். முதலாளி அவரைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். அந்த அம்மா எழுந்து டீ ஊற்றிக் கொடுத்தார். முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"த்தூ! இது டீயா? பழைய ஆணியை நக்கின மாதிரி இருக்கு. முந்தாநாள்லேர்ந்து இதே லட்சணம்தான். இத்தனை வருஷமா டீ போடக்கூடத் தெரியாத ஜென்மம். இதை எழுதாதீங்க."

"எழுதலை" என்றாள் கத்தரி மேடம். அவள் குரலில் இருந்த குளிரை ஒட்டடை கவனித்தான். அவர் கவனிக்கவில்லை.

அந்த அம்மா கோப்பையை வாங்கிக்கொண்டு ஸ்டூலுக்குத் திரும்பினார். ஒரு பிஸ்கெட்டை மிச்ச டீயில் முக்கி, அது கூழாகிற வரைக்கும் காத்திருந்து, மாஸ்கைக் கொஞ்சமாகத் தூக்கி, கன்னத்து ஓரமாக வாய்க்குள் தள்ளினார்.

அப்போது பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய தொப்பையும் பின்னால் அரை டஜன் பேரும் வந்தார்கள். கடைசியில் ட்யூட்டி டாக்டர், தூக்கமில்லாத கண்ணோடு ஓர் இளம்பெண், தள்ளுவண்டியோடு வந்து பேண்டேஜைப் பிரித்தாள். நடுவிரல் முட்டி மேல், கையின் பின்பக்கம், சின்னதாக ஒரு கிழிசல். அதைச் சுற்றி ஊதாவும் பச்சையுமாக வீக்கம். அவள் விரலால் அழுத்தியபோது தோலுக்கு அடியில் ஏதோ நொறநொறத்தது.

"பத்திரிகையா?" என்று பெரிய டாக்டர் தலைமுடியைச் சரி செய்துகொண்டார். "குறிச்சுக்குங்க. புண்ணைத் துடைச்சு லேபுக்கு அனுப்பினோம். கிருமி ஒண்ணுகூட வளரலை. கிருமி இல்லாம கை அழுகுதுன்னா என்ன அர்த்தம்? விஷம்! அந்த ஆள் ஸ்க்ரூ டிரைவர்ல பேட்டரி ஆசிடைத் தடவியிருக்கான். நான் போலீசுக்கும் எழுதிக் கொடுத்துட்டேன்."

"இவ்வளவு நாத்தத்துக்கு அப்புறமும் கிருமி இல்லைங்கறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டான் ஒட்டடை.

"தம்பி, நீ போட்டோ எடு. லேப் ரிப்போர்ட்டுக்கு மூக்கு கிடையாது."

பின்னால் நின்ற ஐந்தாறு பேரும் சிரித்தார்கள். ட்யூட்டி டாக்டர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டை நீட்டினாள், பெரிய டாக்டர் அதைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்தார். 'ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்' என்று ஒட்டடை தனக்குள் சொல்லிக்கொண்டான். சத்தமாகச் சொல்லியிருந்தாலும் அந்தக் காதில் ஏறியிருக்காது.

ட்யூட்டி டாக்டரின் அறை ஒரு அலமாரியை விடக் கொஞ்சம் பெரிது. கட்டில், மேஜை, மேஜை மேல் ஆறிப்போன ரொட்டி. கத்தரி மேடம் கதவைச் சாத்தினாள்.

"நாங்க பத்திரிகை இல்ல. டிரைவர் பக்கம்."

"தெரியும். வாளிக்கு யாரு பத்திரிகை போடுவாங்க?" என்றாள் டாக்டர். "ஆனா நோயாளி விஷயத்தை வெளியாள்கிட்டச் சொல்லக் கூடாது. போங்க."

"நோயாளியைப் பத்திக் கேக்கலை. கிருமியைப் பத்திக் கேக்கறேன். கிருமிக்கும் மானம் மரியாதை உண்டா?"

டாக்டர் ரொட்டியைக் கடித்தபடி யோசித்தாள். "கிருமியைப் பத்திப் பொதுவாப் பேசலாம்."

"பொதுவாவே சொல்லுங்க. ஒரு புண்ணு. நாத்தம் இருக்கு, சீழ் இருக்கு, கிருமி இல்லைன்னு ரிப்போர்ட். நடக்குமா?"

"அதே சீழை மைக்ராஸ்கோப்ல பார்த்தா பஸ் ஸ்டாண்டு கூட்டம். வளர்க்கிற தட்டுல தடவி வச்சா ஆளே இல்லை. கண்ணால பார்த்த கூட்டம் எங்கே போச்சுன்னு யாராவது கேக்கணுமா இல்லையா? கேக்கலை. 'வளரவில்லை'ன்னு டைப் அடிச்சு அனுப்பியாச்சு."

"வர்ற வழியில செத்துப்போச்சு" என்றாள் கத்தரி மேடம்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "எப்படித் தெரியும்?"

"நான் சாட்சிகளை வச்சுப் பிழைக்கிறவ. வீட்டுத் திண்ணையில வீராவேசமாப் பேசுற சாட்சி கோர்ட்டு வாசல்ல காணாமப் போறது எனக்குப் பழக்கம். உள்ளே இருந்தப்ப இருந்தான், வெளியே வந்ததும் செத்தான். நடுவுல என்ன பட்டுது?"

"காத்து" என்றாள் டாக்டர். "வெறும் காத்து. இந்த ரகக் கிருமிக்கு அதுதான் விஷம். நமக்கு எது உயிரோ அதுக்கு அது எமன். காத்து நுழையாத இடமாப் பார்த்துத்தான் குடியிருக்கும். ஆழமான புண்ணுக்குள்ள, செத்த சதைக்குள்ள. பஞ்சுக்குச்சியால மேலாகத் துடைச்சு, அதை மூடாத தட்டுல வச்சுட்டு ரவுண்ட்ஸ் போனா, அட்டெண்டர் சாவகாசமா வந்து எடுத்துட்டுப் போனா, லேபுக்குப் போய்ச் சேர்றது பிணம்தான். பிணம் வளருமா?"

"உயிரோட கொண்டுபோக வழி?"

"ஊசி போட்டு ஆழத்துலேர்ந்து சீழை உறிஞ்சணும். ஊசிக்குள்ள ஒரு குமிழி காத்து இருந்தாலும் தள்ளணும். காத்தில்லாத மூடின குப்பியில செலுத்தி, உடனே எடுத்துட்டு ஓடணும். லேப்ல காத்தை எடுத்துட்ட ஜாடிக்குள்ள வச்சு வளர்க்கணும். பொதுவாச் சொல்றேன்."

"பொதுவா அப்படி யாராவது ஓடினாங்களா?"

"பொதுவா நான்தான் ஓடினேன்." அவள் முகத்தில் முதல்தடவையாக ஒரு சிரிப்பு. "இன்னிக்குக் காலையில முளைச்சுடுச்சு. பெரிய டாக்டர் ஊசியில கொடுத்த மருந்து இதுங்களை ஒண்ணும் பண்ணாது. அந்த மருந்து வேலை செய்யவே காத்து வேணும். காத்தில்லாத இடத்துல அது வெறும் தண்ணி."

"முளைச்சதோட சொந்த ஊர் எது?"

"இந்த ரகம் மண்ணுலயும் இருக்கும், குடல்லயும் இருக்கும். ஆனா இப்ப முளைச்சிருக்கிற கும்பல் ஒண்ணா வாழுற இடம் ஒண்ணே ஒண்ணுதான். மனுஷன் வாய். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கிற இடுக்கு."

ஒட்டடை விசிலடித்தான். "அப்போ ஸ்க்ரூ டிரைவர் பல் தேய்க்காம வந்திருக்கு."

கத்தரி மேடம் சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்த கேமராவைப் பிடுங்கி, முதலாளி கொடுத்த போஸை டாக்டரிடம் காட்டினாள். "தடுக்கிறவன் உள்ளங்கையைக் காட்டுவான். இவரே காட்டியிருக்கார். காயம் பின்பக்கம். ஸ்க்ரூ டிரைவர் வளைஞ்சு போய்க் குத்திச்சா?"

"இன்னொண்ணும் இருக்கு. பொதுவா" என்றாள் டாக்டர். "விரலை நீட்டி வச்சா தோல்ல இருக்கிற ஓட்டையும் உள்ளே நரம்பு மேல இருக்கிற கிழிசலும் நேருக்கு நேர் வரலை. முஷ்டியை மடக்கினா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உட்காருது."

"மடக்கின முஷ்டி. எதிர்ல ஒரு வாய்" என்றாள் கத்தரி மேடம். "தடுத்தவரோட கை இல்லை இது. குத்தினவரோட கை. ஒட்டடை, லாக்கப்புக்கு ஓடு. டிரைவரோட வாயைத் திறக்கச் சொல்லிப் பாரு. உதட்டுல கீறல், ஆடுற பல், எது இருந்தாலும் சொல்லு."

ஒட்டடை வெளியேறும்போது அவள் டாக்டர் பக்கம் குனிந்து வேறு ஏதோ கேட்பது தெரிந்தது. டாக்டர் பதில் சொன்னதும், இவ்வளவு நேரம் உர்ரென்றிருந்த கத்தரி மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த ஜோக்கைத் தனக்குச் சொல்லாமல் விட்டதில் ஒட்டடைக்கு வருத்தம்தான்.

போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. டிரைவர் லாக்கப் கம்பிக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தான். நடுத்தர வயது, சுத்தமாக வாரிய தலை.

"அண்ணே, கொஞ்சம் சிரிங்க."

"என்னது?"

"லாக்கப்ல வந்து சிரிக்கச் சொல்ற முதல் ஆளு நான்தான்னு தெரியும். கோவிச்சுக்காம ஈ காட்டுங்க."

அவன் காட்டினான். வரிசை கலையாத பல். பல்பொடி விளம்பரத்துக்குக் கூப்பிடலாம். உதட்டில் சிறு கீறல்கூட இல்லை.

"முதலாளி உங்களை அடிச்சாரா?"

"இல்லை."

"பின்ன யாரைத்தான் அடிச்சார்?"

"அம்மாவைக் கேளுங்க" என்றான் டிரைவர். "நான் வாக்குக் கொடுத்துட்டேன் தம்பி. என் பொண்டாட்டிகிட்டச் சொல்லுங்க, சாப்பிடாம இருக்க வேணாம்னு."

ஒட்டடைக்கு அவனை ஓங்கி அறையலாம் போலவும், காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலவும் இருந்தது. உலகத்தில் யாருக்கோ கொடுத்த வாக்குக்காக ஜெயிலுக்குப் போகிற முட்டாள்களை எங்கே தேடிப் பிடிக்கிறார்கள் இந்த முதலாளிகள்? பொத்தானைத் தடவிக்கொண்டே ஓடினான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கத்தரி மேடம் டீலக்ஸ் அறைக் கதவின் கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டிரைவர் வாய் சுத்தம் மேடம். ஓர் ஓட்டை உடைசல் இல்லை. போச்சு. இனிமே ஊர்ல இருக்கிற அத்தனை வாயையும் திறந்து பார்க்கணும். ஆளுக்கு ஒரு டார்ச் வாங்கிடலாமா?"

"வேணாம்." அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒட்டடை, புது பிஸ்கெட்டை எதுக்குக் கூழாக்கித் திங்கணும்?"

ஒட்டடை பார்த்தான். ஸ்டூலில் அந்த அம்மா இன்னொரு பிஸ்கெட்டை முக்கிக்கொண்டிருந்தார். அவனுக்குப் புரிந்துபோயிற்று.

"போய்க் கேட்டுடலாம் மேடம்."

"கேட்டாச்சே. போலீஸ் கேட்டுது, தூங்கிட்டிருந்தேன்னு சொன்னாங்க. நாம கேட்டாலும் அதையேதான் சொல்வாங்க. அந்த ஆள் வாயிலேர்ந்து முதல்ல வரணும்."

"கல்லுளிமங்கன். அவர் சொல்லுவாரா?"

"அவருக்கு இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளு மேலதான் பாசம். அந்த ஆளோட வலது கை இப்ப அழுகிட்டிருக்கு. சொல்லுவார்."

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஸ்பெக்டர் வந்தார். ஏற்கனவே எழுதி முடித்த வாக்குமூலத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கேள்வி கேட்டு எழுதுவது அவருக்கு நேர விரயம். கத்தரி மேடத்தைக் கண்டதும் முகம் கடுத்தது.

"நீ இங்கே என்ன பண்றே?"

"வாளியைப் பத்திக் கட்டுரை எழுதறேன் சார்."

அவர் பதில் யோசிப்பதற்குள் ட்யூட்டி டாக்டர் உள்ளே வந்து கட்டிலருகே நின்றாள். பெரிய டாக்டர் சோபாவில் உட்கார்ந்து முதலாளிக்கு வந்திருந்த ஆப்பிளைத் தின்றுகொண்டிருந்தார்.

"சார், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி" என்றாள் ட்யூட்டி டாக்டர். "உங்க புண்ணுல கிருமி வளர்ந்திருக்கு. காத்தே ஆகாத கிருமி. பெரிய டாக்டர் கொடுத்த ஊசி அதுக்குக் கேக்காது."

ஆப்பிள் கடிக்கும் சத்தம் நின்றது.

"திறந்து, கழுவி, செத்த சதையை வெட்டி எடுக்கணும். மருந்தும் சரியா இருக்கணும். இரும்பு கிழிச்ச புண்ணுக்கு ஒரு மாதிரி, மனுஷப் பல்லு கிழிச்ச புண்ணுக்கு இன்னொரு மாதிரி. தப்பான மருந்தோட விட்டா கை போகும், சில சமயம் ஆளே போவாங்க. அதனால உண்மையைச் சொல்லுங்க. இரும்பா, பல்லா?"

முதலாளி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். வாக்குமூலத்தைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை பூத்தது.

"இரும்புதான்" என்றார்.

"சரி" என்று அவள் திரும்பி நடந்தாள். அந்தத் திரும்பலில் இருந்த அலட்சியத்தை ஒட்டடை மனசுக்குள் கைதட்டி ரசித்தான்.

"இரும்மா, இரு!" முதலாளியின் குரல் கிறீச்சிட்டது. "திரையை இழு. டாக்டர்கிட்டத் தனியாப் பேசணும்."

கட்டிலைச் சுற்றியிருந்த பச்சைத் துணித் திரை இழுக்கப்பட்டது. அந்தப் பக்கம் முதலாளியும் ட்யூட்டி டாக்டரும். இந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர், பெரிய டாக்டர், கத்தரி மேடம், ஒட்டடை, ஸ்டூலில் அந்த அம்மா. இத்தனை வருஷமும் வேலைக்காரர்கள் முன்னால் வாய்க்கு வந்ததைப் பேசியே பழகியவர் முதலாளி. தான் பார்க்காத மனிதர்களுக்குக் காதும் கிடையாது என்பது அவர் நம்பிக்கை. ஒரு முழத் துணியைக் கோட்டைச் சுவர் என்று நினைத்துவிட்டார்.

"பல்லு" என்று துணிக்குப் பின்னாலிருந்து கேட்டது. "பல்லுதான் பட்டுது. போதுமா? அந்த மருந்தையே போடு. இது வெளியே போகக் கூடாது."

"யாரோட பல்லு?"

"அது எதுக்கு உனக்கு? டிரைவரோடதுன்னு வச்சுக்க."

"வச்சுக்க முடியாது சார்" என்றான் ஒட்டடை திரைக்கு இந்தப் பக்கமிருந்து. "நான் எண்ணிப் பார்த்துட்டு வந்தேன். அவருக்கு எல்லாம் பத்திரமா இருக்கு. நுணலும் தன் வாயால் கெடும்பாங்க, நீங்க அடுத்தவங்க வாயால கெட்டீங்க."

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த காகிதத்தை மெல்ல மடித்தார். அவருக்கு இது அவமானம் என்பது புரிய ஆரம்பித்திருந்தது.

ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. அந்த அம்மா எழுந்து வந்தார். திரையின் ஓரத்தைப் பிடித்து, வளையங்கள் கிறீச்சிட, ஒரே இழுப்பாக இழுத்துத் திறந்தார். பிறகு மாஸ்கைக் கழற்றினார். மேலுதட்டில் கருநீலமாக ஒரு தடிப்பு. முன்பல் இரண்டு பாதியில் முறிந்திருந்தன.

"இன்ஸ்பெக்டர் சார், டிரைவர் என்னைக் கேக்கச் சொன்னாராமே" என்றார். குரல் நடுங்கினாலும் நிற்கவில்லை. "நீங்க என்னை எங்கே கேட்டீங்க? இவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, 'நீங்க தூங்கிட்டுதானே இருந்தீங்க'ன்னு கேட்டீங்க. நானும் தலையாட்டினேன்."

"இப்பச் சொல்லுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"டீ ஆறிப்போயிருந்துது. அதுதான் குத்தம். வாயிலேயே குத்தினார். சத்தம் கேட்டு டிரைவர் ஓடி வந்தார். வாங்கம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னார். இவருக்கு அதுதான் பொறுக்கலை. அன்னிக்கு அவரை வெளியே துரத்தினார். கை வீங்கின பிறகு அவர் மேலேயே பழியைப் போட்டார். நான்தான் டிரைவரைக் கும்பிட்டுக் கேட்டுக்கிட்டேன், யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, மானம் போயிடும்னு. அந்த மனுஷன் சொல்லலை. என் மானத்தைக் காப்பாத்தத் தன் மானத்தைக் கொடுத்துட்டார். எனக்கு வெக்கமா இருக்கு சார். பல்லு போனதுக்கு இல்ல. இத்தனை நாள் இதைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்ததுக்கு." மாஸ்கைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

இன்ஸ்பெக்டர் மடித்த காகிதத்தை நான்காகக் கிழித்தார். செல்போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினார். "டிரைவரை வெளியே உட்கார வை. டீ வாங்கிக் கொடு. ஆமாய்யா, மரியாதையாத்தான்." பிறகு முதலாளியின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஆபரேஷன் முடியட்டும். நாம நிதானமாப் பேசலாம்" என்றார். பெரிய டாக்டர் பாதி ஆப்பிளோடு ஏற்கனவே வாசலைத் தாண்டியிருந்தார்.

"பேசறதெல்லாம் அப்புறம்!" முதலாளி கத்தினார். "நான்தான் உண்மையைச் சொல்லிட்டேனே! அந்த மருந்தைப் போடு முதல்ல! என் கை!"

ட்யூட்டி டாக்டர் தலைக்கு மேலே தொங்கிய சின்ன பாட்டிலைக் காட்டினாள். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக அவருடைய இடது கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அது முந்தாநாள்லேர்ந்தே ஓடுது சார். நாத்தம் அடிச்சதுமே போட்டுட்டோம். இந்தக் கிருமிக்கு ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருந்தா ஆள் தாங்க மாட்டாங்க. பல்லுக்கு, இரும்புக்கு, ரெண்டுக்கும் சேர்த்தேதான் போட்டிருக்கு. உங்க பெரிய டாக்டர்தான் கையெழுத்துப் போட்டார். என்ன மருந்துன்னு அவர் பார்க்கலை, அவ்வளவுதான்."

"அப்போ எதுக்கு என்னைக் கேட்டே?"

"எப்படி அடிபட்டுதுன்னு நோயாளியைக் கேக்கறது டாக்டரோட கடமை. நீங்க சொல்லலேன்னாலும் கையை விட்டிருக்க மாட்டேன்."

ட்யூட்டி டாக்டரின் அறையில் கத்தரி மேடம் வாயைப் பொத்திச் சிரித்த ஜோக் எதுவென்று ஒட்டடைக்கு இப்போது தெரிந்தது. முதலாளி, தண்ணியில்லாத குழாய் மாதிரி வாயைத் திறந்து வெறும் காற்றை விட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு விஷயம்" என்றாள் ட்யூட்டி டாக்டர், தள்ளுவண்டியை நகர்த்திக்கொண்டே. "இந்த மருந்து ஓடும்போது வாயில இரும்பு ருசி வரும். ஆணியை நக்கின மாதிரி. எதைக் குடிச்சாலும் அப்படித்தான் இருக்கும்."

அந்த அம்மா திரும்பினார். ஸ்டூலுக்குப் போகவில்லை. சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஃப்ளாஸ்கைத் திறந்து ஒரு கோப்பை டீ ஊற்றி, உடைந்த பல்லில் சூடு படாமல் மெதுவாக, எல்லோர் எதிரிலும் குடித்துப் பார்த்தார்.

"டீ நல்லாத்தான் இருக்கு" என்றார்.